மலிவு வேறு, மட்டம் வேறு

கடந்த சில ஆண்டுகளாக நம் வணிகர்கள் வீட்டு வாசலில் பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி கார்கள் நிற்பதைப் பார்க்கிறோம். இவற்றில் பல புதிதாக வாங்கியவை அல்ல. ஐந்தாறு வருடம் வேறொருவரிடம் ஓடி, கைமாறி வந்தவை. நடுத்தரமான புதுக் கார் ஒன்றின் விலைக்கே பழைய சொகுசுக் கார் கிடைத்துவிடுகிறது. காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து, இரவு பத்து மணிக்குக் கணக்கு முடித்துச் சம்பாதித்தவர் ஆசைப்பட்டு ஒரு கார் வாங்கினால், அதைக் குறை சொல்ல நாம் யார்? வாழ்த்துகிறோம்.

ஆனால் வாங்கிய சில மாதங்களில் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. டயர் தேய்ந்துவிட்டது, நான்கையும் மாற்ற வேண்டும். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் சொல்லும் விலையைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. அதிகம் கேள்விப்படாத பெயரில் ஒரு டயர் பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார் டயர் கடைக்காரர். போடலாமா, கூடாதா?

சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு அடிபடுகிறது. ஒரு சாரார், "என்ன அண்ணாச்சி, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ரப்பர் செருப்பா?" என்று கேலி செய்கிறார்கள். மறு சாரார், "எல்லாம் ரப்பர்தானே, வட்டமாக இருந்தால் ஓடும். பெயருக்கு எதற்கு இரட்டை விலை?" என்கிறார்கள். இரண்டு கட்சியிலும் பாதி நியாயம் இருக்கிறது, பாதி ஆபத்தும் இருக்கிறது. சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல என்பதால் இங்கே நம் கருத்தைச் சொல்கிறோம்.

நமக்குத் தெரிந்த கணக்கு

நாம் சரக்கு விற்பவர்கள். துவரம் பருப்பில் முதல் ரகம் உண்டு, இரண்டாம் ரகம் உண்டு. இரண்டாம் ரகம் பருமன் சற்றுக் குறைவு, நிறமும் மட்டு. ஆனாலும் வேகும், சாம்பாருக்கு ஆகும். அதை விலை குறைத்து விற்பது நேர்மையான வியாபாரம். வண்டு விழுந்த பருப்பையும், கேசரிப் பருப்பு கலந்ததையும் விலை குறைத்து விற்றால் அதற்குப் பெயர் மலிவு இல்லை, மட்டம். இந்த வித்தியாசம் நம் கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். டயர் வாங்கப் போகும்போது மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

பெயர் பிரபலமில்லை என்பதற்காக விலை குறைந்தால் அது மலிவு. தகுதி இல்லை என்பதற்காக விலை குறைந்தால் அது மட்டம். முதலாவதை வாங்கலாம். இரண்டாவதை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

பெயரை மட்டும் வைத்து எடை போடுகிறவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் தொடங்கியது விளையாட்டுப் பலூன் செய்யும் தொழில். அது 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு டயர் உற்பத்திக்கு மாறியது. அதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். அன்றைக்கு "பலூன் கம்பெனி டயரா?" என்று எல்லோரும் ஒதுங்கியிருந்தால் அந்தத் தொழில் வளர்ந்திருக்குமா? பெரிய பெயர் எல்லாம் ஒரு காலத்தில் சின்னப் பெயர்தான்.

மூட்டையின் மேல் எழுத்து

மூட்டையின் மேல் உள்ள எழுத்தைப் படிக்காமல் நாம் சரக்கு இறக்குவதில்லை. டயரின் பக்கவாட்டிலும் அப்படி எல்லாம் எழுதியிருக்கிறது. உதாரணமாக, பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸ் கார்கள் பலவற்றில் உள்ள ஓர் அளவு 225/55 ஆர் 17, 97 டபிள்யூ. இதில் 225 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 55 என்பது பக்கவாட்டு உயரம், அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இதுவரை எல்லோரும் பார்க்கிறார்கள். அடுத்து வரும் 97 டபிள்யூ என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை. 97 என்பது பாரக் குறியீடு, அதாவது அந்த ஒரு டயர் 730 கிலோ தாங்கும். டபிள்யூ என்பது வேகக் குறியீடு, மணிக்கு 270 கிலோ மீட்டர் வரை.

இப்போது கடைக்காரர், "அந்த அளவு ஸ்டாக் இல்லை, 215/55 ஆர் 17 போட்டுக்கொள்ளுங்கள், ரிம்மில் அழகாக உட்காரும், விலையும் குறைவு" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உட்காரத்தான் செய்யும். ஆனால் அந்த அளவில் பொதுவாக வருவது 94 வி. 94 என்றால் 670 கிலோ. டயருக்கு 60 கிலோ வீதம் நான்குக்கும் சேர்த்து 240 கிலோ தாங்கும் சக்தி போய்விட்டது. காரே சுமார் 1,700 கிலோ இருக்கும். அதன் மேல் ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். சொகுசுக் கார் ஆனாலும் நாம் வியாபாரிகள்தானே! ஈரோட்டுக்கோ விருதுநகருக்கோ கொள்முதலுக்குப் போனவர் டிக்கியில் இரண்டு மூட்டை போடாமல் திரும்பியது உண்டா?

"நம் ஊர்ச் சாலையில் 270-இல் யார் போகப் போகிறார்கள்?" என்று கேட்பார்கள். யாரும் போக வேண்டாம், போகவும் கூடாது. ஆனால் வேகக் குறியீடு என்பது அந்த டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கும் ஓர் அடையாளம். பாரம் கூடினாலும் காற்று குறைந்தாலும் டயர் அதிகமாக மடங்கி மடங்கி விரியும், அதனால் சூடேறும். சித்திரை வெயிலில் நான்குவழிச் சாலையில் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடும் வண்டிக்கு அந்தத் தாக்குப் பிடிக்கும் சக்தி வேண்டும். டயர் வெடிப்பதற்குச் சாலையைக் குறை சொல்லுமுன் இதையும் பார்க்க வேண்டும்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அந்தக் காருக்கு என்ன அளவு, எவ்வளவு காற்று என்பது அதிலோ கையேட்டிலோ இருக்கும். அதற்குக் கீழே இறங்காத டயர் எந்தப் பெயரில் வந்தாலும் பரிசீலிக்கலாம்.

பழைய ஸ்டாக்

டயருக்கும் பிறந்த தேதி உண்டு. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்கும் நாம் டயரில் பார்ப்பதில்லை. "முப்பது சதவீதம் தள்ளுபடி" என்றால், ஏன் தள்ளுபடி என்று கேட்க வேண்டாமா? ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகும், வெடிப்பு விடும். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடத்தில் கழற்றிவிட வேண்டும் என்று மிஷலின் போன்ற கம்பெனிகளே சொல்கின்றன.

பெருமைக்காகப் பெரிய பெயர் டயர் போட்டவர்களுக்கும் இது பொருந்தும். வருடத்துக்கு 4,000 கிலோ மீட்டர்கூட ஓட்டாமல், "பட்டன் அப்படியே இருக்கிறது" என்று எட்டு, ஒன்பது வருடம் ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறோம். இறுகிப்போன விலை உயர்ந்த டயரைவிட, தகுதியுள்ள புதிய மலிவு டயர் எவ்வளவோ மேல்.

இன்னொரு விஷயம். சில சொகுசுக் கார்களில், முக்கியமாகப் பல பி.எம்.டபிள்யூ. கார்களில், 'ரன் ஃபிளாட்' என்ற டயர் வரும். காற்று முழுதும் இறங்கினாலும் 80 கிலோ மீட்டர் வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கிலோ மீட்டர் தூரம் ஓட்டிப் போய்விடலாம். இதை நம்பி ஸ்டெப்னியே இல்லாமல் வரும் கார்கள் உண்டு. விலை குறைவு என்று சாதாரண டயருக்கு மாறினால் அந்த வசதி போய்விடும். மாறுவது தவறில்லை. ஆனால் மிச்சப்பட்ட பணத்தில் ஒரு ஸ்டெப்னியோ, பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் மோட்டாருமோ வாங்கி டிக்கியில் வைக்காமல், குடும்பத்தோடு இரவு நேரத்தில் கிளம்புவது புத்திசாலித்தனமா?

மழையில்தான் தெரியும்

நல்ல டயருக்கும் மட்டமான டயருக்கும் உள்ள வேறுபாடு வறண்ட சாலையில் அவ்வளவாகத் தெரியாது. ஐப்பசி மழையில்தான் தெரியும். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ நம் உள்ளங்கை அகலம்தான். ஏ.பி.எஸ். பிரேக், ஏர் பேக் என்று எத்தனை இருந்தாலும், அந்த நான்கு உள்ளங்கை பிடித்தால்தான் கார் நிற்கும். வேகம் 40-இலிருந்து 80 ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்காவதில்லை, சுமார் நான்கு மடங்காகிறது. டயர்களை ஒப்பிட்டு நடத்தப்படும் சோதனைகளில் மலிவு டயர்கள் பெரும்பாலும் பின்தங்குவது ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போதுதான். ஈரச் சாலையில் பிடிப்புக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும் என்று நம் மத்திய அரசே 2022-இல் விதி அறிவித்தது. மொட்டை டயர் எப்படியும் கூடாது. காரின் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி.

கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனால் நட்டம் நமக்கு மட்டும் அல்ல. முன்னால் சைக்கிளில் போகிறவருக்கு நம் காரின் விலையும் தெரியாது, டயரின் விலையும் தெரியாது.

கிலோ மீட்டருக்கு எத்தனை பைசா?

இனி, பணக் கணக்குக்கு வருவோம். கணக்குக்காக ஒரு டயர் 7,000 ரூபாய், 25,000 கிலோ மீட்டர் ஓடுகிறது என்போம். கிலோ மீட்டருக்கு 28 பைசா. இன்னொன்று 11,000 ரூபாய், 45,000 கிலோ மீட்டர் ஓடுகிறது. கிலோ மீட்டருக்கு 24 பைசாதான். விலை கூடியதே இங்கு மலிவு. மாதா மாதம் வெளியூர் போகிறவர் இந்தக் கணக்கைப் போட வேண்டும். கோயில், கல்யாணம் என்று வருடத்துக்கு 5,000 கிலோ மீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு 45,000 கிலோ மீட்டர் ஓட ஒன்பது வருடம் ஆகும். அதற்குள் ரப்பருக்கு வயதாகிவிடும். அவருக்குத் தகுதி குறையாத நடுத்தர விலை டயரே போதும். ஆக, எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது.

கடைசியாகச் சில வார்த்தைகள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். தேதி பாருங்கள். பாரக் குறியீடும் வேகக் குறியீடும் காருக்கு உரியதற்குக் குறையாமல் பாருங்கள். நான்கையும் ஒரே ரகமாகப் போடுங்கள். முடியாவிட்டால் ஒரே அச்சில் உள்ள இரண்டாவது ஒரே ரகமாக இருக்கட்டும், புதிய ஜோடி பின்பக்கம் போகட்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் தேய்மானம் வேறுபட்ட டயர்களைக் கலக்கவே வேண்டாம், அது இயந்திரத்துக்குக் கேடு. பில் கேட்டு வாங்குங்கள். கார் டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. அதையும் மிச்சம் பிடிக்கப் பில் இல்லாமல் வாங்கினால், நாளைக்கு டயர் வீங்கினால் யாரிடம் போய் நிற்பது?

இவ்வளவுக்கும் பிறகு, தகுதியான டயர் நான்கு வாங்க இப்போது கையில் பணம் இல்லை என்றால்? யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழக்கூடாது. அந்தக் காரை விற்றுவிட்டு, நல்ல டயர் போட்ட சின்னக் கார் ஒன்றில் போவதே மேல் என்பது நம் தீர்மானமான கருத்து. சின்னக் காரில் வந்தார் என்பதற்காக எந்த மண்டிக்காரரும் நமக்குச் சரக்குத் தர மறுத்ததில்லை. கடை வாசலில் நிற்கும் காரைப் பார்த்து வாடிக்கையாளர் நம்மை நம்புவதும் இல்லை. எடையும் தரமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் நம்புகிறார். அதே எடையையும் தரத்தையும் நாம் வாங்கும் டயரிலும் பார்ப்போம்.