பலாவுக்குக் காவல், அடம்பனுக்கு யார்?

அம்பாறை மாவட்டக் கடலோர ஊரான ஒலுவிலில் ஒருவர் தன் வளவில் நிற்கும் பலாமரத்தைத் தறிப்பதென்றால் முதலில் அனுமதி எடுக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றுக்கும் அந்தக் காவலைக் கொடுத்திருக்கிறது. மூன்றும் வயிற்றுக்கு உதவும் மரங்கள். அதே ஆள் கடலோரத்து உறுதிக் காணியில் பெக்கோவை இறக்கி, அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் தாழம் புதரையும் விடிந்து வெயில் ஏறுவதற்குள் வழித்துத் தள்ளினால் ஏனென்று கேட்பாரில்லை. காணி துப்புரவாகிவிட்டது என்று அக்கம்பக்கத்தார் மெச்சுவதும் உண்டு.

கேட்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரையிலான நிலத்தைக் கரையோர வலயம் என்கிறது. அங்கே இயற்கைத் தாவரங்களை அகற்றுவதும் அபிவிருத்தி வேலைதான்; காணி யாருடையதானாலும் அனுமதி வேண்டும். ஆனால் வீடு கட்டுகிறவருக்கும் மதில் எழுப்புகிறவருக்கும்தான் அந்த அனுமதி நினைவுக்கு வருகிறது. கொடி பிடுங்குவதற்கு அனுமதியா என்று சிரிப்பார்கள். ஒலுவிலில் இன்னொரு சிக்கலும் உண்டு: கடல் உள்ளே வர, அந்தக் கோடும் கூடவே உள்ளே வருகிறது. உறுதி எழுதிய நாளில் வலயத்துக்கு வெளியே இருந்த வளவு இன்று உள்ளே வந்திருக்கலாம்.

இந்தச் செடிகள் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாதது. காற்று அள்ளிவரும் மணலை இராவணன் மீசை தடுத்து நிறுத்தும். மணல் மூட மூட அதற்கு மேலே வளரும். அடம்பன் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். இப்படித்தான் மணல்மேடு உயர்கிறது. பெருங்கடல் அடிக்கும்போது முதல் அடியை வாங்குவது அந்த மேடுதான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பதை ஒற்றுமைக்கு உவமையாகச் சொல்லிச் சொல்லியே நாம் கொடியை மறந்துவிட்டோம். தென்னை இதற்கு ஈடாகாது. அடிமண்ணைக் கடல் அரித்ததும் தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்ததை இந்தக் கரையே பார்த்திருக்கிறது.

அப்படிச் சாய்ந்தது செடி பிடுங்கியதாலா? இல்லை. இந்த இடத்தில் மழுப்பக் கூடாது. மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் கனவான ஒலுவில் துறைமுகம், டென்மார்க் கடனுதவியில் 2008இல் தொடங்கி 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அதன் அலைதடுப்புச் சுவர் மறித்தது. தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயிலும் தூர்ந்தது. வடக்கே நிந்தவூர்ப் பக்கம் மணல் வராமல் கரை தேய்ந்தது. ஆண்டு முழுவதும் வந்து சேர வேண்டிய மணலே நின்றுபோன இடத்தில் எந்தக் கொடியும் எதையும் பிடித்து வைக்க முடியாது. செடி நட்டால் கடல் நின்றுவிடும் என்று ஊராருக்குச் சொல்லும் அதிகாரி பொய் சொல்கிறார்.

ஆனால் மணல் இன்னும் வந்து சேரும் இடங்கள் உண்டு. தெற்கே பாலமுனைப் பக்கம் பாருங்கள். அங்கே மேட்டை வழித்துவிட்டால் பழியைத் துறைமுகத்தின் தலையில் போட முடியாது. அதற்காக வெறுமனே தடை போட்டாலும் நிலைக்காது. சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. அதன் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். கல்முனை, சாய்ந்தமருது போல நெருக்கிக் குடியிருக்கும் ஊர்களில் அது நடக்கிற காரியமா? ஓராண்டுக்குள்ளேயே விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. குடியிருப்பவரைக் கணக்கில் எடுக்காத விதிக்கு ஆயுள் குறைவு.

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட கள்ளிகளும் செடிகளும் தனியார் நிலத்தில் நின்றால் அவற்றை அழிக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. ஆனால் முன்கூட்டியே விவசாயத் திணைக்களத்துக்கு அறிவித்து, நிலத்தின் பரப்புக்கேற்ப 20 முதல் 60 நாள் வரை பொறுத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் செடிகளைப் பெயர்த்து வேறிடத்தில் நடலாம். முதிர்ந்த சாகுவாரோ கள்ளியைப் பெயர்க்கப் பாரந்தூக்கி வேண்டும். அடம்பனுக்கு ஒரு மண்வெட்டி போதும். வெட்டிய துண்டே வேர்விடும்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி பிரதேச சபைகளுக்கு உபவிதி இயற்றும் அதிகாரம் உண்டு. அட்டாளைச்சேனையும் நிந்தவூரும் சேர்ந்து இப்படியொன்றை யோசிக்கலாம். கடலோரக் காணியைத் துப்புரவாக்க 30 நாள் முன்னறிவித்தல். தோணி இழுக்கும் பாதைக்கும் கரைவலை வளைக்கும் இடத்துக்கும் மீன்வாடிக்கும் விலக்கு. பிடுங்கிய கொடி அரித்த மேட்டுக்குப் போக வேண்டும். தண்டப்பணத்தை நம்பி இதை நடத்த முடியாது. மரம் நடுவது ஸதகா என்று மிம்பரில் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் ஒருமுறை அறிவித்தால் வர்த்தமானியைவிட வேகமாகப் போய்ச் சேரும்.

ஆனால் எந்த முகத்தோடு போய் அறிவிப்பது? துறைமுகத்துக்குக் காணி கொடுத்தவர்களின் இழப்பீடு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. கடல் விழுங்கிய வளவுக்காரரிடம் போய்க் கொடியைத் தொடாதே என்றால் என்ன பதில் வரும் என்பது சபை உறுப்பினர்களுக்குத் தெரியும். ஆகவே உபவிதி முதலில் கட்டுப்படுத்த வேண்டியது அரச நிறுவனங்களின் பிடியிலுள்ள கரையோர நிலத்தை. வெறுமையாகக் கிடக்கும் அந்த நிலத்தில் அவர்கள் செலவிலேயே அடம்பனும் தாழையும் நடட்டும். ஒரு மாரி கழித்து அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தனியார் வளவுக்கு அறிவித்தலை அனுப்பலாம்.

(கட்டுரையாளர் கரையோரத் தாவரவியல் ஆய்வாளர்)