காசு கொடுத்து வாங்கிய சி.டி.: பிரதி எடுத்தால் குற்றமா?

கடம்பத்தூரில் ஒரு தொழிலாளி வீடு என்று வைத்துக்கொள்வோம்.

தீபாவளி போனஸ் வந்தது. வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த மகனுக்கு அப்பா ஒரு விளையாட்டு சி.டி. வாங்கிக் கொடுத்தார். டி.வி.யோடு இணைத்து ஆடுகிறார்களே, அந்த "பிளே ஸ்டேஷன்" எந்திரத்தில் போடும் சி.டி. விலை ரூ.4 ஆயிரத்துக்கு மேல்!

பத்தாம் நாள் சின்ன மகள் அதைத் தரையில் போட்டுச் சக்கரம் போலச் சுற்றினாள். சி.டி.யில் கீறல் விழுந்தது. எந்திரம் அதை ஏற்க மறுத்துவிட்டது.

"ஏங்க, வாங்கின அன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

"ஐயையோ! அது திருட்டு சி.டி. ஆச்சே. போலீஸ் பிடிக்கும்" என்றார் கணவர்.

யார் சொன்னது சரி?

சட்டப்படி பார்த்தால் மனைவி சொன்னதே சரி. ஆனால் அதனால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை! அது ஏன் என்பதைப் பார்ப்போம்.

சட்டம் தரும் சலுகை

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ம் ஆண்டு வந்தது. ஒருவர் பாடுபட்டு உண்டாக்கிய நூலையும் பாட்டையும் படத்தையும் மற்றவர் களவாடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட சட்டம். 1984-ல் கம்ப்யூட்டர் புரோகிராமும் அதில் சேர்ந்தது. விளையாட்டு சி.டி.க்குள் இருந்து ஆட்டத்தை நடத்துவதும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம்தான்.

1994-ல் சட்டத்தைத் திருத்தியபோது, வாங்கியவருக்கும் ஒரு சலுகை கொடுத்தார்கள். அது 52-வது பிரிவில் இருக்கிறது.

முறையாக வாங்கி வைத்திருப்பவர், அது தொலைந்தோ கெட்டோ போனால் உதவும் என்பதற்காக, காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். தம் சொந்த உபயோகத்துக்கு மட்டும். அது குற்றம் அல்ல.

அந்தப் பிரதியை அண்டை வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. விற்கக் கூடாது. அசலை விற்றுவிட்டுப் பிரதியை வைத்துக்கொள்ளவும் கூடாது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆட்டத்துக்குள் புரோகிராம் மட்டுமா இருக்கிறது? பாட்டு இருக்கிறது. படம் இருக்கிறது. கதையும் இருக்கிறது. சலுகையோ புரோகிராமுக்கு என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் வக்கீல்கள் இரு பக்கமும் நின்று வாதாட இடம் இருக்கிறது.

சி.டி.க்குள் ஒரு பூட்டு

சரி, சட்டம் இடம் கொடுக்கிறது. பிரதி எடுத்தால் ஓடுமா?

ஓடாது!

ரூபாய் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் அப்படியே வரும். ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிற காந்தியின் நிழல் உருவம் அதில் வராது. கடைக்காரர் வாங்கமாட்டார்.

விளையாட்டு சி.டி.யும் அப்படித்தான். 1994-ல் ஜப்பானில் முதல் பிளே ஸ்டேஷன் வந்தபோதே இந்த வேலை தொடங்கிவிட்டது. தொழிற்சாலையில் சி.டி. அச்சிடும்போது, உள் வட்டத்துக் கோட்டில் கண்ணுக்குத் தெரியாத நெளிவு ஒன்றை வைத்தார்கள். அந்த நெளிவில் ரகசிய எழுத்துகள் இருக்கும். எந்திரம் முதலில் அதைத்தான் தேடும். வீட்டுக் கம்ப்யூட்டரில் பிரதி எடுத்தால் மற்றதெல்லாம் வரும். அந்த நெளிவு வராது. எந்திரம் கதவைச் சாத்திவிடும்.

இன்றைய எந்திரங்களில் பூட்டு இன்னும் கடினம். பிளே ஸ்டேஷன் 5-ல் சி.டி.யைப் போட்டதும் ஆட்டம் எந்திரத்துக்குள் ஏறிவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சி.டி. உள்ளே இருந்தால்தான் ஓடும். அதாவது, ஆட்டம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, சி.டி. வெறும் சாவி. சாவி உடைந்தால் வீட்டுக்காரரே வெளியே நிற்க வேண்டியதுதான்.

பூட்டை உடைத்தால்?

இந்தப் பூட்டை ஏமாற்ற, மெக்கானிக்குகள் எந்திரத்தைத் திறந்து சின்னஞ்சிறு "சிப்" ஒன்றைப் பற்றவைத்தார்கள். பிறகு எந்தப் பிரதியும் ஓடியது. காப்புப் பிரதியும் ஓடியது, திருட்டு சி.டி.யும் ஓடியது.

2012-ல் நம் சட்டத்தில் புதிதாக 65-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டு வரை ஜெயில், அபராதமும் உண்டு.

"நோக்கத்தோடு" என்ற சொல்லைக் கவனியுங்கள். தம் சி.டி.யைக் காப்பாற்ற நினைப்பவரும், ஆயிரம் பிரதி போட்டு விற்பவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. ஆனால் நோக்கத்தை எப்படி நிரூபிப்பது? ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவருக்குத்தான் பேச இடம் உண்டு.

திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் உபயோகிப்பதும் குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் என்கிறது சட்டம். வியாபாரத்துக்காக இல்லாவிட்டால், காரணத்தை எழுதி வைத்து, கோர்ட்டு ஜெயிலைத் தவிர்க்கலாம்.

அப்பா பயந்ததற்கும் காரணம் உண்டு. 2004-ல் தமிழ்நாட்டில் சினிமா திருட்டு சி.டி. ஆசாமிகளைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள். சென்னை பர்மா பஜாரில் போலீசார் நடத்திய சோதனைகள் அடிக்கடி பத்திரிகையில் வந்தன. "சி.டி. பிரதி" என்றாலே ஜெயில் என்ற எண்ணம் ஜனங்கள் மனதில் பதிந்துவிட்டது.

கம்பெனியின் கட்சி

கம்பெனிகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு ஆட்டத்தை உண்டாக்கப் பலர் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். நம் நாட்டிலும் அந்தத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஐதராபாத்தில் உருவான அனுமன் விளையாட்டு ஒன்று 2009-ல் பிளே ஸ்டேஷன் 2-க்கு வந்தது. திருட்டு சி.டி. அவர்கள் வயிற்றிலும்தானே அடிக்கும்?

ஆஸ்திரேலியாவில் இதே வழக்கு நாட்டின் மிகப் பெரிய கோர்ட்டு வரை போனது. 2005-ல் அந்தக் கோர்ட்டு, "பிளே ஸ்டேஷன் பூட்டு பிரதி எடுப்பதைத் தடுக்கவில்லை, பிரதி ஓடுவதைத்தான் தடுக்கிறது. ஆகவே சிப் சட்ட விரோதம் அல்ல" என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்னது. மறு ஆண்டே அங்கே சட்டத்தைத் திருத்தி இறுக்கிவிட்டார்கள்!

வழி என்ன?

திருடனுக்குப் போட்ட பூட்டு, வீட்டுக்காரரையும் வெளியே நிறுத்துகிறது. சட்டம் ஒரு கையால் கொடுத்த சலுகையைப் பூட்டு மறு கையால் பறித்துக்கொள்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கீறல் விழுந்த சி.டி.யையும் ரசீதையும் கொண்டுவந்தால், அச்சுக்கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு புது சி.டி. தரட்டும். வீட்டில் காப்புப் பிரதி எடுக்க விடமாட்டோம் என்றால், அந்தப் பொறுப்பைக் கம்பெனியே ஏற்கட்டும். அரசாங்கம் இதை ஒரு விதியாகவே கொண்டுவரலாம்.

சி.டி.யே வேண்டாம், இன்டர்நெட்டில் இறக்கிக்கொள்ளலாம் என்பார்கள். நிண்டெண்டோ கம்பெனி 2023 மார்ச்சில் தன் பழைய எந்திரங்கள் இரண்டின் இன்டர்நெட் கடையை மூடியது. அந்தக் கடையில் இனி யாரும் புதிதாக ஆட்டம் வாங்க முடியாது. சி.டி.யானால் கைமாற்றியாவது கொடுக்கலாம்.

அதுவரை வீட்டில் செய்யவேண்டியது இதுதான்: சி.டி.யை ஓரத்தில் பிடியுங்கள். ஆடி முடித்ததும் பெட்டியில் வையுங்கள். துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். சி.டி. சுற்றும்போது எந்திரத்தை நகர்த்தாதீர்கள். ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

பத்து நாள் சம்பளத்தைக் கொடுத்து வாங்கும் பொருளைப் பாதுகாக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. சட்டப் புத்தகத்தில் இருக்கும் அந்த உரிமை அவன் வீட்டுக்குள்ளும் வரவேண்டும்.