ஏரிக்கரையில் ஓட்டு யாருக்கு?

ஐப்பசி வந்தால் சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தம்பிகளுக்கு ஒரே கவலை. பைக்கை எந்த மேட்டில் நிறுத்துவது?

1858-ல் வெள்ளைக்காரன் 'கட்டாய உழைப்புச் சட்டம்' போட்டான். ஏரிக்கரை உடையும்போல இருந்தால் ஆட்களை மண்வெட்டியோடு இழுத்து வரலாம். வழக்கமான குடிமராமத்துக்கு மட்டம் போட்டால், அந்த வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்டணும். (இந்த ரூல் நம்ம ஆபீஸுக்கு வந்தால்..? வேணாம் சாமி!)

2000-ல் தமிழக அரசு, பாசன நிர்வாகத்தை விவசாயிகள் சங்கத்திடமே கொடுக்கச் சட்டம் செய்தது. 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டம் நம்ம வட்டாரத்து மணிமங்கலம் ஏரியில்தான் ஆரம்பம். 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். பத்து சதவீதம் ஆயக்கட்டுக்காரர் பங்கு, பணமாகவோ உழைப்பாகவோ.

பி.காம். படித்த பாவத்துக்குக் கேட்கிறேன்... ஆயக்கட்டே பிளாட் ஆகிவிட்ட ஊரில் அந்தப் பத்து சதவீதத்தை யார் கட்டுவது? வயல் போனாலும் கலங்கல் தண்ணீருக்குப் பழைய வழி மறப்பதில்லை. நேரே கட்டிலுக்கு அடியில் வருகிறது. ஓட்டு நிலத்துக்காரருக்கு. பக்கெட்டில் இறைப்பவனுக்கு? அவனிடம் வாடகை ரசீதுகூடக் கிடையாதே!

சட்டத்தைத் திருத்துங்கள். சங்கத்தில் கம்பெனிக்கு ஒரு நாற்காலி, வாடகைக்காரருக்கு ஒன்று. கம்பெனி பணம் தரட்டும். நம்ம பசங்க ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வருவாங்க. பிரியாணி யார் செலவு என்பதை மட்டும் முதல் கூட்டத்திலேயே பேசிடணும்.