பகலில் சாப்பிட்டு, இரவில் பறக்கும் விமானம்

ஒரு விமானம் தரையிறங்காமல் எவ்வளவு நேரம் பறக்கும்? 'லண்டன் போக பத்து, பதினோரு மணி நேரம்' என்பீர்கள். 2025ல், கென்யாவிலிருந்து கிளம்பிய, 'ஜெபிர்' என்ற விமானம், 67 நாட்கள் பறந்தது. ஓட்ட ஆளும் இல்லை. ஒரு சொட்டு பெட்ரோலும் இல்லை!

இதன் இறக்கை, 25 மீட்டர். எடையோ, 75 கிலோ தான். உங்கள் அப்பாவின் எடை இருக்கும். ஐந்து பேர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஓடிப் போய் பறக்க விடுவர். இறக்கை மீதுள்ள சூரியத் தகடுகள், பகலில் விசிறிகளைச் சுழற்றும், பேட்டரியையும் நிரப்பும். இரவில் அந்த பேட்டரி தான் சோறு. அதைச் சிக்கனமாகச் செலவழிக்க, மெல்ல மெல்லக் கீழிறங்கும். விடிந்ததும் மறுபடி மேலேறும்.

இதை, 'செயற்கைக்கோளுக்கு மாற்று' என்கின்றனர். 'டிவி' செயற்கைக்கோள் இருப்பது, 36 ஆயிரம் கி.மீ., உயரத்தில், இது பறப்பதோ, சுமார் 20 கி.மீ., உயரத்தில். பக்கத்திலிருந்து பார்ப்பதால், படம் தெளிவாக விழும். புயலில் மொபைல் போன் டவர்கள் சாய்ந்து விட்டால், வானத்து டவராக உதவும். பழுதானால், இறக்கிச் சரி செய்யலாம்.

அதற்காக, ராக்கெட்டை ஓரம் கட்டச் சொல்ல மாட்டேன். அந்த உயரத்துச் செயற்கைக்கோள் ஒன்று, பூமியில் மூன்றில் ஒரு பங்கைப் பார்க்கும். இதன் பார்வை சில மாவட்டங்கள் தான். போதாததற்கு நோஞ்சான் உடம்பு. 'நாசா'வின், 'ஹீலியோஸ்' 2001ல், 29 கி.மீ.,க்கு மேல் ஏறி அசத்தியது. 2003ல், ஹவாய் தீவருகே காற்று குலுக்கியதில், உடைந்து கடலில் விழுந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. மாதக் கணக்கில் ஒரே ஊரை வட்டமிடும் கேமரா, புயலை மட்டுமா பார்க்கும்? நம் வீட்டு மொட்டை மாடியையும் தானே பார்க்கும்! யார், எதற்காகப் பார்க்கலாம் என்ற சட்டம் முதலில் வரட்டும். விமானம் பிறகு வரட்டும் என்பது என் கட்சி.

ஆராய்ச்சிக்கு மட்டும் தாராளமாகவே பணம் தரலாம். பெங்களூரில் உள்ள மத்திய அரசின் விமான ஆய்வுக்கூடம், 2024ல், கர்நாடகாவின் சள்ளகெரேயில், 23 கிலோ எடையுள்ள சிறிய மாதிரியைப் பறக்க விட்டது. எட்டரை மணி நேரம் பறந்தது. இரவைத் தாண்ட, 12 மணி நேரம் தாக்குப் பிடிக்க வேண்டுமே! பேட்டரியைப் பெரிதாக்கினால் எடை கூடும். எடை கூடினால், இன்னும் பெரிய பேட்டரி கேட்கும். இந்த முடிச்சை அவிழ்க்கத் தான் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக் கொள்கின்றனர்.