அரிசி வாங்கினவங்க மாத்திரையை நிறுத்திட்டேன்னு சொன்னப்போ

போன செவ்வாய்க்கிழமை மழை விட்ட நேரமா பார்த்து வாய்க்கால் அடைப்பு எடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு போன். தாம்பரத்துல இருந்து ஒரு அம்மா. ரெண்டு வருஷமா என்கிட்ட அரிசி வாங்குறவங்க. குரல்ல அவ்வளவு சந்தோஷம்.

"அண்ணே, உங்க மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறி நாலு மாசம் ஆச்சு. நேத்து ரிப்போர்ட் வந்துச்சு. மூணு மாச சராசரி 8.1ல இருந்து 6.3க்கு வந்துடுச்சு! இன்னையோட மாத்திரையை நிறுத்திட்டேன். முதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன். இன்னும் ஒரு 25 கிலோ அனுப்பிடுங்க."

நான் "ரொம்ப சந்தோஷம்மா"ன்னு சொல்லி வச்சுட்டேன். 25 கிலோ ஆர்டர் கொடுக்கறவங்ககிட்ட வேற எதுவும் சொல்ல வாய் வரல. அன்னிக்கு ராத்திரி தூக்கமும் வரல. ஏன்னா அவங்க செஞ்சதை நானும் செஞ்சிருக்கேன். அதுக்குக் கொடுத்த விலை என் வலது கால்ல தழும்பா இருக்கு.

"விவசாயிக்கு எப்படிங்க சுகர் வரும், நாள் பூரா உழைக்கறீங்களே?"ன்னு நகரத்து நண்பர்கள் கேப்பாங்க. உழவு டிராக்டர், அறுப்பு மெஷின், மோட்டாரைப் போடுறதுக்கு செல்போன். வயலுக்குப் போறது பைக்ல. மாறாம இருக்கறது மூணு வேளைச் சோறும், நாளைக்கு ஆறு டீயும்தான். 2023ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு, நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய் இருக்குன்னு கணக்குச் சொல்லுது. எங்க தெருவுலயே வீட்டுக்கு ஒருத்தர் தேறுவோம்.

எனக்கு 2018ல தெரிஞ்சது. மெட்பார்மின் ரெண்டு வேளை, கிளிமிபிரைடு ஒரு வேளை. 2022 ஐப்பசியில மூணு மாச சராசரி 6.4 வந்தது. நோய் போயிடுச்சுன்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல ஒரு பொண்ணு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து கொடுக்கும். வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால வச்சுடுவேன். வீட்டுல யாருக்கும் தெரியாது.

முதல் நாலஞ்சு மாசம் ஒண்ணுமே ஆகல. ஆபத்தே அதுலதான் இருக்கு. சர்க்கரை 200க்கு ஏறினாலும் உடம்பு மணி அடிச்சுச் சொல்லாது. கொஞ்சம் அசதி, கொஞ்சம் கூடுதல் தாகம், ராத்திரி ரெண்டு தடவை எழுந்திரிக்கிறது. வெயில்னு நினைச்சேன், வயசுன்னு நினைச்சேன்.

மறு வருஷம் ஆவணியில வரப்பு செதுக்கும்போது சீமைக்கருவேல முள்ளு கால்ல ஏறியிருக்கு. எனக்குத் தெரியவே இல்ல. மூணு நாள் கழிச்சுப் பாய்ல சீழைப் பார்த்து என் வீட்டுக்காரிதான் கண்டுபிடிச்சா. அப்ப எடுத்த மூணு மாச சராசரி 10.2. அஞ்சு வாரம் கட்டு. அந்தக் குறுவை அறுப்பைத் திண்ணையில காலை நீட்டி உக்காந்துதான் பார்த்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாகிட்ட டின்னுக்குப் பின்னாடி இருந்த மாத்திரைக் கதையைச் சொன்னேன். திட்டல. "கால்ல உணர்ச்சி குறைஞ்சது இந்தப் பத்து மாசத்துல வந்ததா இருக்காது ஐயா, முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும். ஆனா புண் ஆறாததுக்கு ஏறிப்போன சர்க்கரை ஒரு காரணம். நிறுத்தணும்னு ஆசை இருந்தா என்கிட்ட கேட்டிருக்கலாமே? எப்படி நிறுத்திப் பார்க்கலாம்னு நானே சொல்லியிருப்பேனே"ன்னாங்க.

அந்த வார்த்தை எனக்குப் புதுசு. நிறுத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கலாம்னே அதுவரைக்கும் எனக்குத் தோணினது இல்ல. ஆயுசு பூரா போட்டே ஆகணும்னு ஒரு கூட்டம், மாத்திரையே விஷம், தூக்கிப் போடுன்னு செல்போன்ல ஒரு கூட்டம். ரெண்டுக்கும் நடுவுல வழி இருக்குன்னு யாரும் சொல்லல.

வாழை போட்டவனுக்கு இது புரியும். தார் தள்ளினதும் சவுக்குக் கம்பால முட்டுக் கொடுப்போம். மரம் நேரா நிக்கும். "நேராத்தானே நிக்குது, கம்பு எதுக்கு?"ன்னு யாரும் உருவ மாட்டோம். உருவினா அன்னிக்கே விழாது. காத்து அடிக்கிற அன்னிக்கு விழும், தாரோட. மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கும்போது வர்ற 6.3ங்கறது முட்டோட நிக்கிற மரம்.

அதே தோட்டத்துல ஒட்டு மாங்கன்னுக்கும் குச்சி கட்டுறோம். வேர் பிடிச்சு தண்டு தடிச்சதும் அதை எடுத்தாகணும். எடுக்காம விட்டா கயிறே தண்டை அறுக்கும். உங்க உடம்பு தார் போட்ட வாழையா, வேர் பிடிச்ச மாங்கன்னான்னு ரிப்போர்ட் தாளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கயித்தைத் தளர்த்தி ஆட்டிப் பார்க்கணும். கைகாவலுக்குப் பக்கத்துல ஒரு ஆளும் நிக்கணும்.

மாங்கன்னா மாறினவங்களும் இருக்காங்க. பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆய்வு, 2017ல முடிவு வந்தது. சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருந்த, இன்சுலின் போடாத, உடல் எடை கூடினவங்களை எடுத்துக்கிட்டாங்க. மருத்துவக் கண்காணிப்புல மாத்திரையை நிறுத்தி, மூணுல இருந்து அஞ்சு மாசம் வரைக்கும் நாளைக்கு சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்தாங்க. ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே நோய் இல்லாத அளவுல இருந்தாங்க. 15 கிலோவுக்கு மேல குறைச்சவங்கள்ல 86 சதவீதம். ரெண்டாவது வருஷம் அந்த 46 வந்து 36 ஆயிடுச்சு.

ரெண்டு எண்ணையும் சேர்த்துத்தான் படிக்கணும். முடியும்ங்கறது முதல் எண். திரும்பியும் வரும்ங்கறது ரெண்டாவது எண். அதனாலதான் இதைக் குணமாயிடுச்சுன்னு டாக்டர்கள் சொல்றது இல்ல. தணிஞ்சிருக்குன்னுதான் சொல்றாங்க. அதுக்கும் கணக்கு இருக்கு: மாத்திரையை நிறுத்திக் குறைஞ்சது மூணு மாசம் கழிச்சு எடுக்கிற சராசரி 6.5க்குக் கீழ இருக்கணும். அதுக்கப்புறமும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தம், கண்ணு, சிறுநீரகம், பாதம் பார்த்தாகணும்.

என் பங்காளி ஒருத்தன் அப்படி இருக்கான். 96 கிலோ இருந்தான், சர்க்கரை தெரிஞ்ச முதல் வருஷமே 17 கிலோ இறக்கினான். டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினான். மூணு வருஷம் ஆச்சு. இன்னும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் கொடுக்கப் போறான்.

கயிறு தண்டை அறுக்கிற கதையும் எனக்கு நடந்தது. கால் ஆறினப்புறம் சாப்பாட்டைக் குறைச்சு, நடந்து, 81 கிலோவுல இருந்து 72க்கு வந்தேன். மாத்திரை மட்டும் பழைய அளவுலயே இருந்தது. இந்த வருஷம் ஆனி மாசம், குறுவை நடவு. காலையில கிளிமிபிரைடு போட்டுட்டு சாப்பிடாம வயலுக்குப் போயிட்டேன். பத்து மணிக்குக் கை நடுங்குது, சட்டையெல்லாம் வேர்வை, கண்ணு மங்குது. நடவுக்கு வந்த அக்கா ஒருத்தங்க சர்க்கரையை அள்ளிப் போட்டு டீ கொடுத்தாங்க. கொஞ்சம் தெளிஞ்சு வீட்டுக்குப் போய் மெஷின்ல பார்த்தா அப்பவும் 62. எழுபதுக்குக் கீழ போனாலே ஆபத்து. மறுநாளே டாக்டரம்மா கிளிமிபிரைடை நிறுத்திட்டாங்க.

அப்பதான் எனக்கு ஒண்ணு விளங்கிச்சு. "சுகர் மாத்திரை"ன்னு ஒண்ணு கிடையாது, பல வகை இருக்கு. மெட்பார்மின் தனியா இருந்தா சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்குறது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள் உடம்பு தேறத் தேற அளவுக்கு மேல இறக்கிடும். உடம்பு தேறினவங்க அந்த மாத்திரையை அப்படியே போட்டுக்கிட்டு இருக்கறதும் தப்புதான். டாபாகிளிஃப்ளோசின் மாதிரி சிலதை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்தே கொடுக்கறாங்க. சர்க்கரை இறங்கிடுச்சுன்னு அதை நிறுத்தினா அந்தக் காவலும் போயிடும். சுகர் சரியாச்சுன்னு பிரஷர் மாத்திரையையும் கூட சேர்த்து நிறுத்தறவங்களை எங்க ஊர்லயே பார்த்திருக்கேன். இன்சுலின் போடுறவங்க தானா முடிவு எடுக்கவே கூடாது. முதல் வகை சர்க்கரை உள்ள பிள்ளைங்களுக்கு ஒண்ணு ரெண்டு நாள் இன்சுலின் நின்னாலே உயிருக்கு ஆபத்து.

போன வாரம் எனக்கும் ரிப்போர்ட் வந்தது. மெட்பார்மின் மட்டும் போட்டு 6.2. வீட்டுக்காரி பார்த்துட்டு, "என்னங்க, டின்னுக்குப் பின்னாடி இடம் காலி பண்ணணுமா?"ன்னா. சிரிப்புதான், ஆனா கண்ணு என் மேலயே இருந்தது.

எனக்கும் ஆசை இருக்கு. மாத்திரை இல்லாம காலையில எழுந்திரிக்கிற சுகம் மாத்திரை போடுறவனுக்குத்தான் தெரியும். ஆனா இந்த 6.2 எந்த மாசத்து எண்ணுன்னு யோசிச்சேன். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோட இருக்கும், அதுல படிஞ்ச சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்குது. ஏறக்குறைய ஒரு குறுவைப் பயிரோட வயசு. என் ரிப்போர்ட் சொல்றது ஆவணியில இருந்து ஐப்பசி வரைக்கும் நான் சேத்துல நின்ன கதை. பங்குனி, சித்திரையில வயல்ல வேலை இருக்காது. கல்யாணம், கோயில் திருவிழா, மாம்பழம், பலாப்பழம் எல்லாம் அப்பதான். எனக்குக் காத்து அடிக்கிற மாசம் அது.

இதை டாக்டரம்மாகிட்ட சொன்னேன். அவங்களும் சரின்னாங்க. இப்ப மெட்பார்மின் ஒரு வேளையா குறைஞ்சிருக்கு. வாரத்துக்கு ரெண்டு நாள் வெறும் வயித்துலயும் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும் பார்த்து நோட்டுல எழுதணும். வெறும் வயித்துல 130க்கு மேல தொடர்ந்து வந்தா உடனே போகணும். தை மாசம் ஒரு சராசரி, வைகாசியில ஒரு சராசரி. கோடையைத் தாண்டியும் நின்னா அந்த ஒரு மாத்திரையையும் எடுத்துப் பார்க்கலாம். நிக்கலேன்னா போடுவேன். அதுல தோல்வி ஒண்ணும் இல்ல.

நகரத்துல இருக்கிற உங்களுக்கும் காத்து மாசம் இருக்கும். தீபாவளி, ஆபீஸ்ல ராத்திரி வேலை, மூட்டு வலின்னு நடை நின்னுபோற மாசம். நல்ல மூணு மாசத்து ரிப்போர்ட்டை வச்சு வருஷம் பூராவுக்கும் முடிவு எடுக்காதீங்க. மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துட்டுப் போங்க, பழைய ரிப்போர்ட்டையும் எடை குறைஞ்ச கணக்கையும் கொண்டு போங்க. "டாக்டர், இதுல எதைக் குறைக்கலாம், எப்ப திரும்பப் பார்க்கணும், எந்த எண்ணு வந்தா திரும்பப் போடணும்?"னு கேளுங்க. ரத்தசோகை இருந்தா அதையும் சொல்லுங்க, சராசரி தப்பாக் காட்ட வாய்ப்பு இருக்கு. கேள்வியைக் கேட்டுக்கக்கூட நேரம் தராத டாக்டரா இருந்தா டாக்டரை மாத்துங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

கடைசியா அரிசிக் கதை. என் அரிசிப் பை மேல "சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது"ன்னு அச்சடிச்சு வச்சிருக்கேன். மூணு வருஷமா அப்படித்தான் விக்கிறேன். மாப்பிள்ளைச் சம்பா தவிட்டோட இருக்கிற சிவப்பரிசி. நார்ச்சத்து இருக்கு, மென்னு சாப்பிடணும், கொஞ்சத்துலயே வயிறு நிறையும். அது உண்மை. ஆனா அதுவும் மாவுச்சத்துதான், தட்டு நிறையப் போட்டா சர்க்கரை ஏறும். கேழ்வரகுக்கும் தினைக்கும் இதே கணக்குதான். அந்த அம்மாவுக்கு இறங்கினது அரிசியாலயா, அளவு குறைஞ்சதாலயா, போட்ட மாத்திரையாலயான்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாம நன்றியை மட்டும் வாங்கிக்கிட்டேன்.

புதன்கிழமை நானே போன் பண்ணினேன். கால் கதையில ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "அண்ணே, நான் ரெண்டு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திட்டேனே"ன்னாங்க. டாக்டர்கிட்ட உடனே போன் பண்ணிக் கேளுங்கன்னு சொன்னேன். அன்னிக்கே கேட்டு, சனிக்கிழமைக்கு நேரம் வாங்கிட்டாங்க. அரிசியும் அனுப்பிட்டேன்.

மீதி 400 பை கிடக்கு. அந்த வரி மேல ஒட்டறதுக்கு ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்திருக்கேன்: "டாக்டரைக் கேட்காமல் சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்."

"அப்படி ஒட்டினா விக்குமா?"ன்னு கேட்டா வீட்டுக்காரி. குறைஞ்சாலும் குறையட்டும்னேன். பையை எண்ணி ஒட்ட ஆரம்பிச்சுட்டா.