தேறலைச் சொல்லக் கூசும் நா

ஜார்ஜ்டவுனின் பெரிய விடுதிகளுக்கு ஷார்டனே என்னும் வெண்மது புதியதன்று. குளிர்நிலத்தில் விளைந்தது, ஓக் மரப் பீப்பாயில் முதிர்ந்தது என அதற்கு அடைமொழிகளும் உண்டு. இவற்றைத் தமிழில் கூற இயலாது என்பார் சிலர். கூற வேண்டுவதே இல்லை என்பார் பலர். முன்னது அறியாமை, பின்னது கூச்சம். இந்தக் கூச்சமே அந்த அறியாமைக்குத் தாய்.

கூச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தோட்டத்துக் கள்ளுக்கடை தொழிலாளியின் கூலியையும் குடும்பத்தையும் விழுங்கிற்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. போருக்குப் பின்னர், பினாங்கை அடுத்த கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படையினர் அதே கடைகளை எதிர்த்து நின்றனர். அப்போராட்டத்தை இகழ்வார் யார்? ஆயினும் கடையை மூடச் சொன்னவர்கள் அகராதியை மூடச் சொல்லவில்லை.

பர்கண்டி, பிரான்சு நாட்டில் ஏறத்தாழ 47 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. பினாங்கு 5 பாகையில் உள்ளது. அக்குளிர்நிலத்தில் திராட்சை மெல்லப் பழுக்கிறது. இனிப்பு ஏறினாலும் புளிப்பு முற்றும் அழிவதில்லை. வெப்பம் மிகுந்த நிலத்தில் அது விரைந்து குன்றிவிடும். இளவேனில் உறைபனி அங்கே கொடும்பகை. 2021 ஏப்ரலில் அது தளிர்களைக் கருக்கிப் பெருஞ்சேதம் விளைத்தது. சாறு நொதித்தபின், ஆப்பிளில் உள்ள கடும்புளிப்பை நுண்ணுயிர்கள் பாலிலுள்ள மென்புளிப்பாக மாற்றுகின்றன. வெண்ணெய் மணம் அப்போது பிறக்கிறது. பர்கண்டியின் வழக்கமான பீப்பாய் 228 லிட்டர் கொள்ளும். அதன் உட்புறத்தை நெருப்பில் வாட்டுவர். வாட்டிய ஓக் மரம் வனிலா, கிராம்பு ஆகியவற்றின் மணத்தைத் தருகிறது. தேங்காயின் மணத்தையும் தருகிறது! பினாங்குச் சிறுவன் நாள்தோறும் முகரும் மணங்களைக் கொண்டே இம்மதுவை விளக்கிவிடலாம். தமிழுக்கு இதில் என்ன முடை?

முடை இல்லை என்பது மட்டுமன்று. இத்தொழிலின் நுட்பங்களைத் தமிழ் முன்னரே அறிந்திருந்தது. கள், நறவு, மட்டு, பிழி, தோப்பி, தேறல் என்ற சொற்கள் அனைத்திற்கும் 'கள்' என்றே பொருளெழுதி அடுத்த அடிக்கு நகர்வது வகுப்பறை வழக்கம். தோப்பி நெல்லில் ஆக்கியது. தேறல், தெளிந்தது, 'தேறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. கசடு அடியில் தங்க, தெளிவை மேலே வடித்தெடுக்கும் செயல் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. புறநானூற்றில் கபிலர் நிலத்தில் புதைத்து முதிர்வித்த தேறலைப் பாடுகிறார். ஏணிச்சேரி முடமோசியார், குறவர் வளைந்த மூங்கிலில் முதிர்வித்த தேறலைப் பாடுகிறார். மரத்தில் மது முதிரும் என்பதற்குப் பர்கண்டிதான் சான்று தர வேண்டுமோ? ஔவையாரோ நாள்பட்ட தேறலின் கடுமைக்குத் தேளின் கொட்டை உவமையாக்கினார். மதுச் சுவையை விரித்துரைக்கும் இன்றைய மேலைநாட்டு எழுத்தாளரும் இத்துணைத் துணிவு கொள்ளார்.

அயல்மதுவும் அன்று அயலாக நின்றதில்லை. யவனர் கொணர்ந்த மணமிக்க தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகி மகிழ்க என நக்கீரர் வாழ்த்தினார். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. வந்த சரக்கு யவனருடையது. நக்கீரர் அதற்குத் தந்த பெயர் தமிழ். இன்றோ 'பீப்பாய்' என்ற போர்த்துகீசியச் சொல்லைக் கூசாமல் சொல்லும் நா, 'தேறல்' எனச் சொல்லக் கூசுகிறது.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தாரே எனக் கேட்பர். வகுத்தார், 'கள்' என்னும் சொல்லை மறைத்துக்கொண்டா வகுத்தார்? கண்டிப்பவருக்கும் பொருளின் பெயர் வேண்டும். விடுதியில் விலையுயர்ந்த புட்டியை நாகரிகம் என்றும், தோட்டத்துக் குவளையை இழிவு என்றும் பிரிப்போர்க்கே அப்பெயர் இடராகும். இரண்டும் சாராயச் சத்து உடையவை என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

புறநானூற்றைப் பாடமாக நடத்தும் ஆசிரியர், மூங்கிலில் ஏன் முதிர்வித்தனர், மண்ணில் ஏன் புதைத்தனர் என்று ஒருமுறை மாணவரைக் கேட்டுப் பார்க்கட்டும். விடை தேடுவோர் வேதியியல் ஆசிரியரின் வகுப்புக்கும் செல்ல நேரும். அங்கிருந்து திரும்பி வரும்போது தேறலுக்குக் 'கள்' என்று மட்டும் பொருளெழுத அவர்களுக்கு மனம் வராது.