கூடு மட்டும் படகாகுமா?

மாதிரிப் பாய்மரப் படகு கட்டுகிறவர்களுக்குள் ஒரு சாதி அடுக்கு உண்டு. உச்சியில் இருப்பவர்கள் மெல்லிய மரப்பட்டிகளை ஒவ்வொன்றாக வளைத்து ஒட்டிப் படகின் உடலை உருவாக்குகிறவர்கள். அடியில் இருப்பவர்கள் பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, அன்றைக்குச் சாயங்காலமே குளத்தில் விடுகிறவர்கள். நடுவில் என்னைப் போன்றவர்கள். ஃபைபர்கிளாஸ் கூட்டை விலைக்கு வாங்கி, மீதியை நாங்களே செய்துகொள்கிறோம். உச்சியிலிருந்து எங்களைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “கூட்டைக் காசு கொடுத்து வாங்கியாச்சு. அப்புறம் நீ கட்டுனது என்ன?”

கேள்வியே தப்பு என்பது என் கட்சி. கட்டுவது என்பதை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதை வைத்து அளக்கக் கூடாது. எதற்கெல்லாம் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

முதலில் அந்தக் கூடு என்ன என்று பார்த்துவிடலாம். இன்டர்நேஷனல் ஒன் மீட்டர் என்று ஒரு வகுப்பு இருக்கிறது. 1988இல் உருவானது, ரேடியோவில் இயங்குவது, இன்று பல நாடுகளில் பந்தயம் நடப்பது. இதன் விதிகள் சுருக்கமாக இவை: நீளம் 1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மொத்த எடை 4 கிலோவுக்குக் கீழே இறங்கக் கூடாது. தண்ணீருக்குள் 42 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் கூடாது. அடியில் தொங்கும் ஃபின்னும் ஈயக் குண்டும் சேர்ந்து 2.2 முதல் 2.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். உடலுக்குக் கார்பன் இழை கூடாது. மரம் ஆகும், கண்ணாடி இழை ஆகும். விதியே இரண்டையும் ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறது. இலை போடமாட்டேன் என்பவர்கள் நம் ஆட்கள்தான்.

பாதிக்கு மேல் எடை ஏன் ஈயமாக இருக்கிறது? ஒரு பெரிய படகை எல்லாப் பக்கமும் சரிபாதியாகச் சுருக்கினால், பாயின் பரப்பு நாலில் ஒன்று ஆகும், எடை எட்டில் ஒன்று ஆகும். அதே காற்றில் படகைச் சாய்க்கும் விசை நெம்புகோலின் நீளத்தோடு சேர்ந்து எட்டில் ஒன்றாகக் குறைகிறது. நிமிர்த்தும் விசையோ பதினாறில் ஒன்றாகிவிடுகிறது. அதாவது சிறிய படகு இயல்பிலேயே கவிழப் பிறந்தது. பெரிய படகின் அழகான நகல், அலமாரியில் நிற்கும், குளத்தில் நிற்காது. அதனால்தான் இந்தப் படகுகளுக்கு அவ்வளவு ஆழத்தில் அவ்வளவு ஈயம்.

இப்போது கூட்டுக்கு வருவோம். ஃபின்னை ஏற்கும் குழியை அந்தக் கூட்டுக்குள் நான்தான் ஒட்டுகிறேன். கூட்டைச் செய்தவர் அச்சில் குறி போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் எபாக்சி இறுகும் அந்த இரவு, ஃபின் நடுக்கோட்டில் இருக்கிறதா, பாய்மரத்துக்கும் சுக்கானுக்கும் ஒரே தளத்தில் நிற்கிறதா என்று நூல் கட்டிப் பார்ப்பது நான். ஒரு பாகை திரும்பி இறுகிவிட்டால், காற்று ஒரு பக்கத்திலிருந்து வரும்போது படகு நன்றாக ஓடும், மறுபக்கத்திலிருந்து வரும்போது நொண்டும். அதற்குப் பிறகு அச்சைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

ஒட்டு என்று லேசாகச் சொல்கிறோம். கூடு பாலியெஸ்டர் ரெசினால் ஆனதென்றால் அதன் உட்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அப்புறம்தான் எபாக்சி. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலை அரிக்கும், நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி இல்லாமல் தொடவே கூடாது. எபாக்சி பழைய பாலியெஸ்டரைப் பிடிக்கும். ஆனால் எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் பூசினால் சரியாகப் பிடிக்காது. வரிசை மாறினால் இரண்டு கிலோ ஈயம் நாற்பது சென்டிமீட்டர் நெம்புகோலில் அசைந்து அசைந்து அந்த ஒட்டை ஒருநாள் பிரித்துவிடும்.

அடுத்து எடை. ஈயமும் ஃபின்னும் போக மிச்சம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதற்குள் கூடு, மேல்தளம், சுக்கான், பாய்மரம், பாய், பாயை இழுக்கும் வின்ச், ரிசீவர், பேட்டரி எல்லாம் அடங்க வேண்டும். அணியத்திலும் பின்கோடியிலும் கூடும் ஒவ்வொரு கிராமும் அலையில் படகைக் குதிரையாட்டம் ஆட வைக்கும். சிக்கனமாகக் கட்டியவனின் படகு 4 கிலோவை எட்டாது. குறையும் எடையை அவன் நடுவில் தாழ்வாக ஈயமாக வைத்துக்கொள்வான். ஒரே அச்சில் பிறந்த இரண்டு கூடுகள் இரண்டு வேறு படகுகளாவது இப்படித்தான்.

மரக்காரர்களிடம் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். உடலின் வளைவைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் இருக்கிறது. அச்சுக் கூட்டை வாங்குகிறவனுக்கு அது இல்லை. அந்த வளைவு என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்வதும் இல்லை, அது வடிவமைப்பாளருடையது. ஆனால் அச்சுக்கும் ஒரு தாய் உண்டு. யாரோ ஒருவர் முதல் உருவை இழைத்து, தேய்த்து, மெருகேற்றி, அதன்மேல் அச்செடுத்தார். அந்தக் கைவேலை என் கூட்டுக்குள் இருக்கிறது. தவிர, அடிமட்டத்திலிருந்து கட்டினேன் என்பவரும் பாய்த்துணியை நெய்யவில்லை, வின்ச்சின் மோட்டாருக்குக் கம்பி சுற்றவில்லை. அவருடைய அடிமட்டம் அவருக்கு வசதியான இடத்தில் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

மென்பொருள் வேலையில் இந்தச் சண்டை எனக்குப் பழகியது. ஆபரேட்டிங் சிஸ்டத்தை நான் எழுதவில்லை, டேட்டாபேஸை எழுதவில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் போன் வருவது எனக்கு. அந்த போனை எடுக்கிறவன்தான் அதைக் கட்டியவன்.

இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் படகு மட்டுமல்ல. நான்கு வருஷம் பொறியியல் படித்தேன். முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பில் இரும்புத் துண்டை அரத்தால் ராவி இன்னொன்றோடு பொருத்த வேண்டும். எங்கள் கல்லூரியில் மதிப்பெண் விழுந்தது பொருத்தத்துக்கு அல்ல, ரெகார்டு நோட்டின் அழகுக்கு. “இதெல்லாம் ஐடிஐ பசங்க வேலைப்பா” என்ற பேச்சை வகுப்பறையிலேயே கேட்டோம். அப்படி வளர்ந்த ஒருவன் முப்பது வயதுக்கு மேல் உப்புத்தாளைக் கையில் எடுக்கும்போது, வாசலிலேயே நிறுத்தி “முழுசாச் செய், இல்லாட்டி பெட்டியை வாங்கு” என்று சொல்வதும் அதே திமிரின் மறுபக்கம்தான். அங்கே கைவேலை கேவலம், இங்கே அது சிலருக்கு மட்டுமான பூசை. இரண்டிலும் புதிதாக ஒருவன் கற்றுக்கொள்ள இடமில்லை.

அந்த இடத்தைக் கூடு தருகிறது. ஒருவனுக்கு வருஷக்கணக்கான காத்திருப்பு இல்லாமல், ஃபின்னை நேராக நிறுத்துவதன் கஷ்டத்தை அது நேரடியாகக் காட்டிக்கொடுக்கிறது. அவன் நாளைக்கு மரத்தில் கட்டினாலும் கட்டலாம், கட்டாமலும் போகலாம். தண்ணீர் உள்ளே வந்தால் எந்த ஒட்டு என்று அவனுக்குத் தெரியும். அது தெரிந்தவனிடம் போய் நீ கட்டுனது என்ன என்று கேட்பதற்கு முன்னால், அவன் படகைக் கரையில் வைத்துப் பின்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். சுக்கானும் ஃபின்னும் பாய்மரமும் ஒரே கோட்டில் நின்றால், பதில் அங்கேயே இருக்கிறது.